ரோமியோ – ஜூலியட்: உண்மையில் அவசரக்குடுக்கை யார்?

மேடைத்தூசி எழுதியது:

ஷேக்ஸ்பியரின் ரோமியோ – ஜூலியட் நாடகத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. சின்னஞ்சிறுசுகள், கண்மண் தெரியாமல் காதலித்தார்கள், அவசரப்பட்டார்கள், செத்துப்போனார்கள். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அண்மையில் நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தேன். அந்தப் பதிலில் பாதிதான் தேறும் என்று தோன்றுகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முதலில் நாள்கணக்கைப் பாருங்கள். ஞாயிறு காலை இத்தாலியின் வெரோனா நகரில், பரம எதிரிகளான இரு குடும்பங்களுக்குள் (ரோமியோவின் மான்டகியூ, ஜூலியட்டின் காப்யுலெட்) தெருச்சண்டை. அன்றிரவு விருந்தில் இருவரும் முதன்முறை சந்திக்கிறார்கள். விடிவதற்குள் மாடத்தடியில் கல்யாணம்வரை பேசி முடித்துவிடுகிறார்கள். திங்கள் பிற்பகல் லாரன்ஸ் பாதிரியார் ரகசியமாக மணம் முடித்துவைக்கிறார். அதன்பின் கொஞ்ச நேரத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டும் தெருவில் பிணமாகக் கிடக்கிறார்கள். டிபால்ட்டைக் கொன்றதற்காக ரோமியோ நாடுகடத்தப்படுகிறான். செவ்வாய் விடியலில் அவன் மான்டுவா நகருக்குப் புறப்படுகிறான், அன்றிரவே ஜூலியட் செத்ததுபோல் காட்டும் மயக்கமருந்தைக் குடிக்கிறாள். புதன்கிழமை அவளைக் கல்லறையில் வைக்கிறார்கள். வியாழன் இரவு அங்கே எல்லாம் முடிந்து, வெள்ளி விடியும்போது ஊரே கூடி நிற்கிறது. ஐந்து நாள்கூட முழுதாக ஆகவில்லை.

காதலர்கள் அவசரப்பட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு போட்டிபோட்டு ஓடியவர்களை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? ஜூலியட்டின் தந்தை காப்யுலெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் கேட்டு வந்த பாரிஸிடம் முதலில் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறார்! "இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவளுக்குப் பதினான்கு வயதுகூட முடியவில்லை, முதலில் அவள் மனதைப் பிடி" என்கிறார். அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் பின்னிரவில் அதே மனிதர், மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வியாழக்கிழமை கல்யாணம் என்று பாரிஸுக்கு வாக்குக் கொடுக்கிறார். "இன்று என்ன கிழமை? திங்களா? புதன் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, வியாழன் வைத்துக்கொள்வோம்." பெற்ற பெண்ணின் வாழ்க்கையைச் சந்தைக்குப் போகும் நாளைக் குறிப்பதுபோல் குறிக்கிறார். அந்த நேரத்தில் மாடியறையில் அவருடைய மகளும், அவருக்கே தெரியாத மருமகனும் இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு மறுத்த மகள் செவ்வாய் மாலை வந்து, சம்மதிப்பதுபோல் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வியாழன் வேண்டாம், நாளைக்கே கல்யாணம் என்கிறார். இந்த ஒருநாள் முன்தள்ளல்தான் கதையின் கழுத்தை இறுக்குகிறது என்பது என் கட்சி. ஜூலியட் மருந்தால் செத்ததுபோல் கிடப்பாள், கடிதம் கண்டு ரோமியோ வந்து அவளை அழைத்துப்போவான் என்பது பாதிரியாரின் திட்டம். அதன்படி அவள் மருந்து குடிக்க வேண்டியது புதன் இரவு. தந்தையின் உற்சாகத்தால் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாயிற்று. மான்டுவாவுக்குக் கடிதம் போய்ச்சேர இருந்த அவகாசத்தில் முழுதாக ஒருநாள் காணாமல் போய்விட்டது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லாம் சரி. ரோசலைனை எங்கே விட்டீர்கள்?

நாடகம் தொடங்கும்போது ரோமியோ இன்னொருத்திக்காக உருகிக்கொண்டிருக்கிறான். பகலில் ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிக்கொண்டு அழுகிறான். விருந்துக்குப் போவதே ரோசலைனைப் பார்க்கத்தான். உள்ளே நுழைந்து ஜூலியட்டைப் பார்த்த நொடியில் ரோசலைன் காற்றில் போகிறாள். மறுநாள் காலை பாதிரியாரே திகைத்துப்போய், "அவளுக்காக நீ சிந்திய கண்ணீரின் கறை இன்னும் உன் கன்னத்தில் இருக்கிறது" என்று இடித்துக்காட்டுகிறார்.

காப்யுலெட் ஒரு முறை மனம் மாறினார் என்று நீங்கள் பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள். இந்தப் பையன் ஒரே இரவில் உயிரையே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறான். ஐயா, பெரியவர்களைத் திட்டுவது எளிது. இவன் இயல்பே இதுதான்.

இரவுவாசகி எழுதியது:

ரோமியோவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஜூலியட்டை அவனோடு ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மாடக் காட்சியில் அவள் பேச்சைக் கவனியுங்கள். நிலவின்மேல் ஆணையிடப் போகிறவனை "வேண்டாம், நிலவு மாதந்தோறும் மாறுவது" என்று தடுக்கிறாள். பிறகு தானாகவே சொல்கிறாள்: இந்த உறவு மிகவும் திடீரென்று, யோசனையின்றி, மின்னல்போல் வந்திருக்கிறது, மின்னுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடுமே என்று. காதலின் ஆபத்தைப் பற்றி நாடகத்திலேயே தெளிவாகப் பேசிய முதல் ஆள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்தான். பாதிரியாரின் உபதேசமெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

சரி, தெரிந்தும் ஏன் அடுத்த சில நிமிடங்களில் "உன் எண்ணம் திருமணம் என்றால் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், இடமும் நேரமும் சொல்லி அனுப்பு" என்கிறாள்? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளுக்கு வேறு பேரம் பேச வழியில்லை. அவன் மதிலேறிக் குதித்து வந்திருக்கிறான். அவள் மனதில் இருந்ததை இருட்டில் ஒட்டுக்கேட்டும்விட்டான். இனி நாணிக்கோணிப் பயனில்லை. அவன் விளையாடுகிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று சோதிக்க அவளிடம் இருந்த ஒரே உரைகல் திருமணம். அவசரம்தான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வியாழக்கிழமை பாரிஸை மணக்க வேண்டும் என்று தந்தை கத்திவிட்டுப் போனபின் அவள் தாயிடம் என்ன கேட்கிறாள்? "இந்தக் கல்யாணத்தை ஒரு மாதம், இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள்." தனக்காக நாள் கேட்டுக் கெஞ்சுவது இந்த நாடகத்திலேயே இவள் ஒருத்திதான். தாய் சொல்லும் பதில்: "என்னிடம் பேசாதே. உன் இஷ்டப்படி செய், எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை."

பழையபேனா எழுதியது:

இழை சூடுபிடித்துவிட்டது, மகிழ்ச்சி. கதையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யார் அவசரப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அதில் நேரடியான பதில் ஒன்று இருக்கிறது: எல்லோரையும்விட அதிகமாக அவசரப்பட்டவர் ஷேக்ஸ்பியர்தான்!

இந்தக் கதை அவர் கற்பனை செய்ததில்லை. இத்தாலியில் லூயிஜி டா போர்ட்டோ எழுதியதைப் பின்னர் பண்டெல்லோ தம் நடையில் சொன்னார். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, 1562ல் ஆர்தர் புரூக் என்பவர் நீண்ட ஆங்கிலக் கவிதையாக்கினார். ஷேக்ஸ்பியர் பெரும்பாலும் புரூக்கைத்தான் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நாடகம் முதலில் அச்சேறியது 1597ல்.

புரூக்கின் கவிதையில் கதை சுமார் ஒன்பது மாதம் நடக்கிறது. மணமான பிறகு காதலர்கள் மாதக்கணக்கில் இரவுகளில் சந்திக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பழகிப் பார்க்க நேரம் இருந்தது. ஷேக்ஸ்பியர் அந்த ஒன்பது மாதத்தையும் பிழிந்து ஐந்து நாளாக்கினார். ஜூலியட்டின் வயதிலும் கைவைத்தார். பண்டெல்லோவிடம் அவளுக்குப் பதினெட்டு, புரூக்கிடம் பதினாறை ஒட்டி, ஷேக்ஸ்பியரிடம் பதினான்கு நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் பாக்கி. கதை கைமாறக் கைமாறப் பெண்ணின் வயது குறைந்துகொண்டே வருகிறது.

புரூக் தம் முன்னுரையில் ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். பெற்றோர் சொல்லை மதியாமல், நெறியற்ற ஆசைக்கு அடிமையாகி, ஊர்வம்புக் கிழவிகளையும் பாதிரியார்களையும் நம்பிக் கெட்டவர்களின் கதை இது, படித்துத் திருந்துங்கள் என்கிற தொனி. வேடிக்கை என்னவென்றால் முன்னுரையில் அடித்துத் துவைக்கும் அதே ஜோடியைக் கவிதைக்குள் அவரே கனிவோடுதான் நடத்துகிறார். ஷேக்ஸ்பியர் அந்தப் பிரசங்கத்தைத் தூக்கிக் கடாசிவிட்டார். அவருடைய முன்னுரைப் பாட்டில் பழி முதலில் விழுவது இரு குடும்பங்களின் பழம்பகைமேல். நாம் தேர்வில் எழுதும் விடை ஷேக்ஸ்பியருடையதைவிடப் புரூக்குடையது என்றுதான் எனக்குப் படுகிறது.

கொசுறு: ஷேக்ஸ்பியருக்கு 1582ல் கல்யாணமானபோது வயது 18, மணமகளுக்கு 26. அடுத்த ஆண்டு மே மாதமே மூத்த மகளுக்கு ஞானஸ்நானம். இளவயதுத் திருமணத்தைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையிருந்திருக்காது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

கொசுறுதான் இந்த இழையிலேயே சிறந்த பகுதி.

மேடைத்தூசி எழுதியது:

பழையபேனா ஐயாவுக்கு நன்றி. ஐந்து நாளாகச் சுருக்கியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேரம் இருந்திருந்தால் ரகசியம் தானாகவே கசிந்திருக்கும். நேரம் இல்லாததால் ரகசியம் ரகசியமாகவே கெட்டிப்படுகிறது. அது கெட்டிப்பட்டதால்தான் அடுத்தடுத்த காரியங்கள் எல்லாம் பதற்றத்தில் நடக்கின்றன.

திங்கள் பிற்பகல் தெருவை நினைத்துப் பாருங்கள். கொதிக்கிற வெயில். டிபால்ட் சண்டைக்கு அழைக்கிறான். ரோமியோ, மணமாகி ஒரு மணிநேரமே ஆனவன், "உன் பெயரை என் பெயர்போலவே மதிக்கிறேன்" என்று மழுப்புகிறான். உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று சொற்களில் முடிந்திருக்கும்: நான் உன் உறவினன். சொல்ல முடியவில்லை. அருகில் நிற்கும் மெர்குஷியோவுக்கு இது கோழைத்தனமாகத் தெரிகிறது, வாளை உருவுகிறான். ரோமியோ நடுவில் பாய்ந்து விலக்க, அவன் கைக்கு அடியில் புகுந்து டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்துகிறது. "ஏன்டா நடுவில் வந்தாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் சாகிறான். இதற்கு ரோமியோவிடம் இருக்கும் பதில், "நல்லது என்று நினைத்துச் செய்தேன்."

லாரன்ஸ் பாதிரியாருக்கும் இதே கதைதான். "மெதுவாக, நிதானமாக, வேகமாக ஓடுகிறவர்கள் இடறி விழுவார்கள்" என்று புத்தி சொன்ன அதே நாளில் அவரே தாலியைக் கட்டிவைக்காத குறையாக மணம் முடித்துவைக்கிறார். காரணம், இந்தச் சம்பந்தத்தால் இரு குடும்பப் பகையும் தீரும் என்ற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் குடும்பங்களுக்கே தெரியாத சம்பந்தம் எப்படிப் பகையைத் தீர்க்கும்?

அவருடைய கடிதக் குளறுபடியையும் கவனியுங்கள். ரோமியோவை மான்டுவாவுக்கு அனுப்பும்போது, "உன் வேலைக்காரன் மூலமாக அவ்வப்போது செய்தி அனுப்புகிறேன்" என்கிறார். மருந்துத் திட்டம் தீட்டியதும் அதை மறந்து, கடிதத்தை ஜான் பாதிரியாரிடம் கொடுத்தனுப்புகிறார். ஜான் துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போன இடத்தில் கொள்ளைநோய் என்று சந்தேகித்துக் கதவைச் சாத்தி முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதம் வெரோனாவை விட்டே நகரவில்லை. திட்டம் எதுவும் தெரியாத வேலைக்காரன் பல்தாசரோ, ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, குதிரையேறி நேராக மான்டுவா போகிறான். சொன்னபடி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நல்ல வாதம், ஆனால் பல்தாசர் மான்டுவா வந்து சேர்ந்த காட்சியை அப்படியே தாண்டிப் போகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

ஜூலியட் இறந்துவிட்டாள் என்று கேட்டதும் ரோமியோ குதிரைகளுக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறான். பல்தாசர், ஒரு வேலைக்காரன், "ஐயா, பொறுமையாக இருங்கள், உங்கள் முகம் வெளிறிப்போயிருக்கிறது" என்று கெஞ்சுகிறான். அப்போது ரோமியோ கேட்கிறான்: "பாதிரியாரிடமிருந்து எனக்குக் கடிதம் ஏதும் இல்லையா?" "இல்லை." "பரவாயில்லை, போ."

அந்தப் "பரவாயில்லை"யில்தான் நான் ரோமியோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். கடிதம் வந்திருக்க வேண்டும் என்று அவனுக்கே தெரிகிறது. வராதது விசித்திரம் என்றும் தெரிந்துதான் கேட்கிறான். ஆனாலும் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. மருந்துக்கடைக்காரனிடம் 40 டுகாட் பொற்காசு கொடுத்து நஞ்சு வாங்குகிறான், விற்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று தெரிந்தே. பாதிரியாரின் வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்காமல் நேரே கல்லறைக்கு ஓடுகிறான்.

அங்கே போயும் என்ன? மரணம் அவள்மேல் இன்னும் வெற்றிபெறவில்லை, உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று அவனே வியக்கிறான். செத்து இரண்டு நாளான உடலில் சிவப்பு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மருந்தின் மயக்கம் நாற்பத்திரண்டு மணிநேரம். அது முடியும் தறுவாய். பாதிரியார் உள்ளே நுழைவதற்கும் அவன் சாவதற்கும் இடையில் சில நிமிடங்கள்தான்.

காப்யுலெட் ஒருநாளைத் திருடினார், ஒப்புக்கொள்கிறேன். கடைசி அரைமணி நேரத்தைத் திருடியது யார்?

குறிஞ்சிக்காவல் எழுதியது:

தாமதமாக வந்து சேர்கிறேன். நம் அகமரபை, அதாவது பழந்தமிழ்க் காதல் கவிதை மரபைப் படித்தவர்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு வெற்றிடம் உடனே கண்ணில் படும்.

நம்மிடமும் களவு (ரகசியக் காதல்) உண்டு, இரவுக்குறி (இரவுச் சந்திப்பு) உண்டு, உடன்போக்கும் (காதலனோடு ஊரைவிட்டுப் போவது) உண்டு. காதல் கண்டதும் பிறப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் களவு இரண்டு திங்களுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று இறையனார் களவியல் என்ற இலக்கண நூல் எல்லை கட்டுகிறது. வெளிப்படுத்தவும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம் (வளர்ப்புத்தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தையிடம். வேற்று வரைவு வரும்போது, அதாவது வேறொருவன் பெண் கேட்டு வரும்போது, தோழி வாய்திறந்தே ஆக வேண்டும். அதுதான் அறத்தொடு நிற்றல்.

ஜூலியட்டுக்குத் தோழியே இல்லை. செவிலித்தாய் ஒருத்தி, அவளே தூது, அவளே நூலேணி கொண்டுவருகிறவள். பாரிஸ் பெண் கேட்டு வந்து தந்தை மகளை வீதியில் கிடந்து சாகச் சொல்லித் திட்டும்போது, "இப்படி வைவது உங்கள்மேல்தான் தப்பு" என்று எஜமானையே எதிர்த்துப் பேசும் துணிச்சல் அவளுக்கு இருக்கிறது. தனக்குத் தெரிந்த ஒரே முக்கியமான செய்தியை மட்டும் விழுங்கிவிடுகிறாள். எல்லோரும் போனபின் ஜூலியட்டிடம், பாரிஸையே கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ வெறும் கரித்துணி என்கிறாள். அந்த நொடியிலிருந்து பெண் தனியாள். நான்கு சுவருக்குள் தனியாக விடப்பட்ட பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

பழையபேனா எழுதியது:

குறிஞ்சிக்காவல், அழகான பார்வை. ஆனால் செவிலி அப்போது வாய்திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிபால்ட் செத்து ஒருநாள்தான் ஆகிறது. கொன்றவன்தான் மாப்பிள்ளை என்று சொன்னால் காப்யுலெட் வீட்டில் இன்னொரு பிணம் விழுந்திருக்கும்.

சொல்வதற்கான காலம் அதற்கு முன்பே இருந்து முடிந்துபோனது என்று நினைக்கிறேன். ஞாயிறு இரவு விருந்தில் ரோமியோவைக் கண்டு டிபால்ட் கொதிக்கும்போது காப்யுலெட் அவனை அதட்டி உட்காரவைக்கிறார். "ஊரே அவனை ஒழுக்கமானவன், நல்லவன் என்று மெச்சுகிறது, என் வீட்டில் அவனை அவமதிக்க விடமாட்டேன்" என்கிறார். அன்று பகலில்தான் பாரிஸிடம், எங்களைப்போன்ற கிழவர்கள் சமாதானமாக இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று சொல்லியிருக்கிறார். வெரோனாவை ஆளும் இளவரசன் வேறு இரு குடும்பத்தையும் எச்சரித்திருக்கிறான். மொத்த நாடகத்திலும் பகை மிகவும் இளகியிருந்த நேரம் ஞாயிறு இரவிலிருந்து திங்கள் நண்பகல் வரை.

திங்கள் விடியலில் ரோமியோ வந்து சொன்னபோது பாதிரியார் இருவரையும் கோவிலுக்கு அழைக்காமல் காப்யுலெட் வீட்டுக்கு நடந்திருந்தால்? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அப்படி ஒரு வாய்ப்பு வரவே இல்லை. இளங்காதலின் அவசரத்தில் எனக்கு ஆபத்தாகத் தெரிவது இதுதான். காதலித்த வேகத்தைக்கூட விட்டுவிடலாம். நாளை இதைவிட மோசமாகிவிடும் என்ற பயத்தில், இன்று கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்பதையே கவனிக்கத் தவறினார்கள். பெரியவரான பாதிரியாரும் அதே பயத்தில் சேர்ந்துகொண்டார்.

இரவுவாசகி எழுதியது:

ஐயா சொன்னது ஏற்புடையது, ஒரு திருத்தத்தோடு. ஞாயிறு இரவு காப்யுலெட் இளகியிருந்தார் என்பது ஜூலியட்டுக்குத் தெரிய வழியே இல்லை. அவர் டிபால்ட்டை அதட்டியது அவள் காதில் விழவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே தகவல், செவிலி சொன்ன "அவன் மான்டகியூவின் மகன், உங்கள் பரம எதிரியின் ஒரே பிள்ளை" என்பதுதான்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ரோமியோவின் உறவினன் பென்வோலியோவை யாரும் சொல்லவில்லையே. நிதானமாகப் பேசிய ஒரே இளைஞன் அவன்தான். தெருச்சண்டையை விலக்கப் பார்த்தவன், வெயில் அதிகம், வீட்டுக்குப் போகலாம் வா என்று மெர்குஷியோவைக் கெஞ்சியவன். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியோடு மேடையிலிருந்து காணாமல் போகிறான். அதன்பிறகு ரோமியோவின் பக்கத்தில் தோளைப் பிடித்து உட்காரவைக்க ஆளில்லை.

மாலைத்திரை எழுதியது:

நான் ஒரு நாடகக் குழுவில் பாரிஸாக நடித்தவன். நீங்கள் யாரும் மதிக்காத பாத்திரம் என்பதால் அவன் சார்பில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவன் கெட்டவனில்லை. அவன் செய்த தப்பெல்லாம், "மாமனார் வியாழன் என்கிறார், அவர் வேகத்தைக் குறைக்க எனக்கு மனமில்லை" என்றதுதான். பெண்ணின் சம்மதம் தெரியாமல் கல்யாணம் பேசுவது முறையல்லவே என்று பாதிரியார் தயங்கியபோதும், அழுதுகொண்டிருக்கிறாள், அதனால்தான் அவசரம் என்று மாமனார் சொன்ன காரணத்தைத் திருப்பிச் சொல்கிறான். கடைசியில் பூவோடும் பன்னீரோடும் கல்லறைக்கு வந்து, வந்தவனைத் தடுத்து, இருட்டில் குத்துப்பட்டுச் சாகிறான்.

ஒத்திகையில் நான் தரையில் பிணமாகக் கிடக்கும்போது தினமும் கேட்ட வசனம் ஒன்று உண்டு. ரோமியோ பந்தத்தைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாரிஸா? வழியில் குதிரையில் வரும்போது என் ஆள் ஏதோ சொன்னானே, பாரிஸ் ஜூலியட்டை மணக்க இருந்தான் என்றா சொன்னான்? இல்லை, நான் கனவு கண்டேனா?" என்பான். பல்தாசர் சொல்லியிருக்கிறான், இவன் காதில் ஏறவில்லை. இவன் காதில் ஏறாமல் போனது வேறு என்னென்ன என்று யாராவது முதல் காட்சியிலிருந்து பட்டியல் போட்டால், குறுக்குக்கேள்வியின் கட்சிக்குத்தான் வலு கூடும் என்று நினைக்கிறேன். காப்யுலெட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால் எது நீளம் என்று தெரியும்.

மேடைத்தூசி எழுதியது:

காப்யுலெட்டின் பட்டியலை நான் போடுகிறேன். ரோமியோவுடையதைக் குறுக்குக்கேள்வி எடுத்துக்கொள்ளட்டும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

சரி. ஆனால் நீங்கள் வியாழனுக்குள் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புதனுக்கு முன்தள்ளக் கூடாது.